நாணயச் சேகரிப்பிலிருந்து விலகுவது எப்படி: ஆர்வம் வடிந்துபோனவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இருபத்தாறு வருடம் பழங்காசு சேர்த்தேன். ஒரு தை மாதத்தில், தபாலில் வந்த ஏலப் பட்டியலை உறைகூடக் கிழிக்காமல் அலமாரியின் மேல் வைத்தேன். அடுத்த பட்டியல் வந்து அதன் மேல் உட்கார்ந்தது. மூன்றாவது வந்தபோது என் மனைவி, "இதையெல்லாம் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். "போட்டுவிடு" என்று சொன்ன பிறகுதான் விஷயம் எனக்கே உறைத்தது.

அதன் பின் சேகரிப்பை முழுதாகக் கரையேற்ற இரண்டரை வருடம் பிடித்தது. நான் செய்த தவறுகளை வைத்துக்கொண்டு கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்தில் ஐந்து பேருக்கு உடனிருந்து உதவியிருக்கிறேன். ஐவரும் சறுக்கியது ஒரே இடத்தில்தான். ஆர்வம் போய்விட்டது என்று தெரிந்த மறுநாளே விற்பனையில் இறங்கினார்கள். விற்பனை கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவை ஏழெட்டு இருக்கின்றன. அவற்றை வரிசை மாற்றிச் செய்தால் திரும்பிப்போய்ச் சரிசெய்ய முடியாது. விற்ற காசை மறுபடி எடை போட்டுப் பார்க்க முடியுமா?

தபால்தலை, தீப்பெட்டி அட்டை சேர்ப்பவர்களும் இதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தது காசு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கோடு போட்ட 200 பக்க நோட்டு ஒன்று. மில்லிகிராம்வரை வேண்டாம், 0.01 கிராம் காட்டும் சிறு எலக்ட்ரானிக் தராசு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். ஒரு சின்னக் காந்தம். சின்னச் சின்னக் காகித உறைகள் இருநூறு. வெளிச்சமான ஜன்னல் ஓரம். இவற்றோடு வாரத்தில் ஒரு மதியம்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். டெல்டாவின் அடைமழைக் காற்றில் ஈரம் குறையாமல் இருக்கும். உறைகளைத் திறந்து மூடும்போது அந்த ஈரத்தையும் உள்ளே வைத்து மூடுகிறீர்கள். மாசி தொடங்கி ஆனி வரை உகந்த காலம்.

1. சலிப்பா, முடிவா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று மாதம் அலமாரியைத் திறக்காதீர்கள். சம்பா அறுத்த வயலைப் பார்த்துவிட்டு இது பொட்டல் என்று நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்த பிறகுதான் பேச்சு. அதே பொறுமை இதற்கும் வேண்டும்.

இந்த மூன்று மாதத்தில் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: எது போயிற்று? காசின் மேலிருந்த ஆசையா, அல்லது அதைச் சுற்றியிருந்த ஏதாவதா? ஒரு வியாபாரி போலியைத் தலையில் கட்டியிருப்பார். சக சேகரிப்பாளரோடு மனத்தாங்கல் வந்திருக்கும். வீட்டில் பணமுடை இருக்கும். இவையெல்லாம் ஆறக்கூடிய புண்கள். ஆறும் முன் சேகரிப்பைக் கலைத்தவர்கள் இரண்டு வருடத்தில் அதே காசுகளை இரண்டு மடங்கு விலைக்குத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணத்தை யாரும் நினைப்பதில்லை. திருவாரூர் நண்பர் ஒருவர், "எழுத்தைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது அண்ணே, எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன்" என்றார். அவருக்கு இருந்தது கண்புரை. அறுவை செய்துகொண்ட பிறகு இன்றும் சோழர் செம்புக் காசின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர் என்றால் இந்த முதல் படியிலேயே கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

முடிவுதான் என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்று உண்டு. யாராவது ஒரு பழங்காசை உங்கள் உள்ளங்கையில் வைக்கட்டும். விரல்கள் தாமாக அதைப் புரட்டிப் பின்பக்கம் பார்க்கவில்லை என்றால், அடுத்த படிக்குப் போகலாம்.

2. வாங்குவதை நிறுத்துங்கள், நிறுத்தியதை அறிவிக்காதீர்கள்

ஆசை போனாலும் கை வாங்கிக்கொண்டேதான் இருக்கும். ஞாபகார்த்த நாணயங்களுக்கு முன்பதிவு, ஏலப் பட்டியலுக்குச் சந்தா, ஊர் ஊராகப் பழைய பாத்திரக் கடைகளில் "ஏதாவது வந்தால் எடுத்து வையுங்கள்" என்று சொல்லிவைத்தது என்று எல்லாம் தானாக ஓடும். ஒவ்வொன்றையும் நேரில் போய் நிறுத்துங்கள். கடைக்காரர் உங்களுக்காகக் கைப்பணம் போட்டு வாங்கி வைத்திருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை முடியுங்கள். பாத்திரக் கடைக்காரரிடம் கடன் வைத்துவிட்டுப் போவது மரியாதை இல்லை.

ஆனால் 'நான் விலகுகிறேன்' என்று வெளியே சொல்ல வேண்டாம். சொன்ன வாரத்திலேயே பழைய நண்பர்கள் நலம் விசாரிக்க வருவார்கள். காப்பி குடித்து முடிப்பதற்குள், "அந்தத் தரங்கம்பாடிக் காசை மட்டும் எனக்கு வைத்துவிடு" என்பார்கள். நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள். நான் ஒரே காசை இரண்டு பேருக்குத் தலையாட்டியிருந்தேன். அதில் ஒருவர் இன்றும் என்னோடு பேசுவதில்லை.

3. எதையும் கழுவாதீர்கள்

புதிதாக இதில் இறங்குபவர் செய்யும் முதல் காரியம் இது. விற்கப் போகிறோம், பளிச்சென்று இருக்கட்டும் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுவார். குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அது சாவு. செம்பின் மேல் பல வருடத்தில் படிந்த கரும்பச்சைப் படலம் உலோகத்தைக் காக்கும் தோல். அதை உரித்தால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகும். தேய்த்த காசைப் பழக்கமுள்ள கண் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். விலை பாதிக்கும் கீழே இறங்கும்.

ஒன்றை மட்டும் பிரித்தறியுங்கள். கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சை நல்லது. நகத்தால் தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி நோய். உலோகத்துக்குள் புகுந்த உப்பு ஈரத்தோடு சேர்ந்து அரிப்பதால் வருவது அது. நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கத்துக் காசுகளில் அதிகம் பார்க்கலாம். அப்படிப்பட்டதை அன்றே தனி உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனி டப்பாவில் வையுங்கள்.

பழைய மெல்லிய பிளாஸ்டிக் ஆல்பங்களையும் பாருங்கள். உறை பிசுபிசுத்து, காசின் மேல் பச்சை எண்ணெய் போல இறங்கியிருந்தால், அது பிவிசி பிளாஸ்டிக் சிதைந்து கக்கியது. காசைக் காகித உறைக்கு மாற்றிவிட்டு ஆல்பத்தைத் தூக்கிப் போடுங்கள். இந்த இரண்டையும் தவிர வேறு சிகிச்சை எதுவும் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

4. பதிவேடு எழுதுங்கள்

மொத்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போகும், போகவும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்துக் காசுக்கு மேல் எடுக்காதீர்கள். பதினொன்றாவது காசுக்கு வரும்போது கண் பொய் சொல்லும்.

ஒவ்வொரு காசுக்கும் எழுத வேண்டியவை: உலோகம், எடை, விட்டம், ஆண்டு, நாணயச்சாலைக் குறி, தேய்மானம், எங்கே எப்போது யாரிடம் என்ன விலைக்கு வாங்கியது. சுதந்திரத்துக்குப் பிந்தைய காசுகளில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டின் ஒரே காசு, குறியைப் பொறுத்து மலிவாகவோ அரிதாகவோ இருக்கும்.

எடை ஏன்? வெள்ளி ரூபாய் 11.66 கிராம். லென்ஸில் அழகாகத் தெரியும் ஒரு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 10.9 கிராம் காட்டினால், ஒன்று அளவுக்கு மீறித் தேய்ந்தது, இல்லையேல் போலி. காந்தமும் இங்கே உதவும். 1947-ஆம் ஆண்டு ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை வெள்ளி என்று நினைத்து வங்கி லாக்கரில் வைத்திருந்த ஒருவரின் முகத்தை நான் பார்க்க நேர்ந்தது.

விளிம்பின் மேல்பாகத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். நம் வீட்டு ரூபாய்களில் பல, பாட்டியின் கழுத்தில் கிடந்தவை. வளையம் பற்றவைத்த தழும்பு இருந்தால் அது இனி நகை. சேகரிப்பாளர் விலை கிடைக்காது, வெள்ளி விலைதான்.

கடைசிப் பத்தியான 'எங்கே வாங்கியது' என்பதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதற்கு இரண்டு இடங்களில் தேவை வரும். ஒன்று சட்டம், அடுத்த படியில் சொல்கிறேன். மற்றது உங்களுக்காக. என் நோட்டிலிருந்து ஒரு வரியை அப்படியே தருகிறேன்:

'எண் 112. தரங்கம்பாடி, டேனிஷ் 4 காசு, செம்பு. முன்பக்கம் கிரீடத்தின் கீழே சி எழுத்தும் 7-உம் பின்னிய முத்திரை. ஏழாம் கிறிஸ்டியான் (1766–1808). பின்பக்கம் ரோமன் எண்ணில் நான்கு; ஆண்டின் கடைசி இரண்டு எழுத்தும் தேய்வு. 2.38 கிராம். பொறையார், பழைய பாத்திரக் கடை, 2003 கார்த்திகை. 60 ரூபாய். மழைக்கு ஒதுங்கிய இடம். சிதம்பரம் பஸ் போய்விட்டது. கடைக்காரர் ஈயப் பாத்திர அடியில் கிடந்ததை வேட்டி நுனியால் துடைத்துக் கொடுத்தார்.'

இதை எழுதி முடித்தபின் அந்தக் காசைக் கொடுப்பது எனக்குச் சுலபமாகிவிட்டது. அதுவரை மூன்று முறை விற்க எடுத்து மூன்று முறையும் திருப்பி வைத்திருந்தேன். பிடித்து வைத்திருந்தது அந்த மழை மதியத்தை என்பது எழுதும்போதுதான் தெரிந்தது. அது நோட்டில் இருக்கிறது. செம்பு யாரிடமாவது இருக்கட்டும்.

இங்கே நடக்கும் தவறு, செல்போனில் படம் எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது. படம் எடையைச் சொல்லாது, பொறையாரைச் சொல்லாது. படமும் எடுங்கள், ஆனால் நோட்டு எழுதிய பிறகு.

5. சட்டத்துக்கு உட்பட்டவற்றைத் தனியே வையுங்கள்

இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மண்ணில் புதைந்து கிடந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தொகை இன்றும் அதே பத்து ரூபாய்தான். கோடையில் காவிரி வற்றும்போது மணலைச் சலித்துக் காசு தேடுபவர்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். வீடு கட்ட வாணம் தோண்டும்போது கலயம் கிடைத்த கதையும் ஊருக்கு ஒன்று உண்டு. அப்படி வந்த காசு உங்களிடம் இருந்தால் அதை விற்பனைக் குவியலில் கலக்காதீர்கள். வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டு முறைப்படி ஒப்படைப்பதே வழி.

இரண்டாவது, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டம். நூறு வருடம் நிறைந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. வியாபாரமாக விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். நூறு வருடக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது என்பதுதான் பலருக்குப் புரிவதில்லை. வாங்கியபோது சாதாரணமாக இருந்த 1918-ஆம் ஆண்டு ரூபாய் இப்போது அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் மருமகனுக்குப் பெட்டியில் இரண்டைப் போட்டு அனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம்.

வாங்கிய இடமும் தேதியும் பதிவேட்டில் இருந்தால் இந்தப் படி அரை நாள் வேலை. இல்லையென்றால் ஒவ்வொரு காசும் ஒரு சந்தேகம்.

6. நான்கு குவியல்

வைத்துக்கொள்வது, வீட்டாருக்கு, கொடுப்பது, விற்பது. இந்த வரிசையில்தான் பிரிக்க வேண்டும். விற்பதை முதலில் எடுத்தால் மற்ற மூன்றுக்கும் மிஞ்சியது மட்டுமே வரும்.

வைத்துக்கொள்வதற்கு ஒரு வரம்பு போடுங்கள். நான் போட்டது ஒரு வெற்றிலைப்பெட்டி. அதில் கொள்ளும் அளவு மட்டும். முதல் சுற்றில் பெட்டி நிரம்பி வழிந்தது. மூன்றாம் சுற்றில் பதினொரு காசு. அதில் ஆறு, சந்தையில் ஐந்து ரூபாய்க்குக் கூடப் போகாத ஓட்டைக் காலணா. சிறுவயதில் அரைஞாண் கயிற்றில் கோர்த்துக் கட்டியிருந்ததாக அப்பா சொன்னவை.

வீட்டாருக்கு என்று ஒதுக்கும் முன் அவர்களைக் கேளுங்கள். கேட்காமல் கொடுப்பது, நமக்குச் சலித்த சுமையை இன்னொருவர் தலையில் ஏற்றுவது. என் மகள், "அப்பா, எனக்கு அந்த இருபது பைசா தாமரைக் காசு ஒன்று போதும்" என்றாள். அதோடு அந்தக் குவியல் முடிந்தது. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

7. கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள்

பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதென்றால் காசை மட்டும் கொடுக்காதீர்கள். நான் முதலில் ஒரு பள்ளிக்கு எழுபது காசுகளை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது அது பீரோவில் டஸ்டருக்கு அடியில் இருந்தது. தவறு என்னுடையது, அதை வைத்து என்ன செய்வது என்று நான் சொல்லவில்லை.

இரண்டாவது பள்ளிக்கு ஓர் அட்டை தயாரித்தேன். மேல் வரிசையில் அணாக் கணக்கு: ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 பை. நடுவில் 1957 ஏப்ரல் 1-இல் வந்த நயா பைசா. 1964-இல் 'நயா' உதிர்ந்தது. கீழே அலுமினியக் காசுகள்: சதுர ஐந்து பைசா, நெளிவிளிம்பு இரண்டு பைசா, அறுகோண மூன்று பைசா. கடைசியில், 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-இல் செல்லாக்காசானது. ஒவ்வொன்றும் ஒட்டாமல், எடுத்துத் தொட்டுப் பார்க்கும்படி ஜன்னல் வெட்டிய அட்டை. மொத்தமும் பதினான்கு காசு. அந்த அட்டை கணக்கு வகுப்பில் இன்றும் கைமாறுகிறது.

அருங்காட்சியகம் என்றால் முதலில் கடிதம் எழுதுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயவியலுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் எந்த அருங்காட்சியகமும் தன்னிடம் ஏற்கெனவே குவிந்து கிடப்பதை மேலும் வாங்கிக்கொள்ளாது. பதிவேட்டின் பிரதியை அனுப்பி, எது வேண்டும் என்று அவர்கள் சொன்ன பிறகு நேரில் கொண்டுபோய், ரசீது வாங்கி வாருங்கள்.

உண்டியலில் போடாதீர்கள், எண்ணுபவர்களுக்குத் தொல்லை. ஆடிப்பெருக்கில் மொத்தத்தையும் காவிரியிலேயே விட்டுவிடுகிறேன் என்றார் ஒருவர். நாடகமாக நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் கயிற்றில் காந்தம் கட்டிக்கொண்டு வரும் பையன்களுக்கு இன்றைய எஃகுக் காசுதான் ஒட்டும். செம்பும் வெள்ளியும் ஒட்டாது. யாருக்கும் பயனில்லாமல் சேற்றில் போகும் என்று சொல்லித் தடுத்தேன்.

8. விலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரிக்காமல் போட்ட ஏலப் பட்டியல்களை எடைக்குப் போட்டேன் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு இங்கே வருந்தினேன். கடந்த நாலைந்து ஏலங்களின் முடிவு விலைதான் உண்மையான விலை. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசை. பிறகு ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிப் படித்தேன்.

வெள்ளிக்கு ஓர் அடிவிலைக் கணக்கு உண்டு. 1939 வரையிலான ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம், 11.66 கிராமில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதிதான், சுமார் 5.8 கிராம். 1969-இல் வந்த காந்தி பத்து ரூபாய் 15 கிராம், அதில் 80 சதவீதம், அதாவது 12 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் உறையை மூடிவிடுங்கள்.

அடிவிலைக்கு மேலே போவதெல்லாம் அருமையைப் பொறுத்தது. ஐந்தாம் ஜார்ஜின் 1911-ஆம் ஆண்டு ரூபாயில், அங்கியிலிருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து அச்சைத் திருத்தினார்கள். அந்த ஆண்டுக்கு மவுசு. 1939-ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது. அதனாலேயே போலியும் நிறைய. உங்களிடம் ஒன்று இருந்தால் சந்தோஷப்படும் முன் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு பக்கம், வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் செய்திகள். லட்சமும் இல்லை, ஆயிரமும் இல்லை. இந்தச் செய்தியின் அடுத்த வரி எப்போதும் 'பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்பதுதான். இப்படி ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம், கமிஷன், வரி என்று பறிப்பவர்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. விற்பவர் பணம் கட்டும் வியாபாரம் உலகத்தில் கிடையாது.

9. இப்போது விற்கலாம்

சிறந்ததை முதலில் விற்காதீர்கள். ஐவரில் நான்கு பேர் இதைச் செய்தார்கள். நல்ல இருபது காசு ஒரே நாளில் போய்விடும். மிஞ்சிய எண்ணூறை ஏறிட்டுப் பார்க்க ஆள் இருக்காது. வியாபாரிக்கு இது தெரியும். "இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றதை அடுத்த முறை பார்ப்போம்" என்பார். அடுத்த முறை வராது.

அதனால் கட்டுக் கட்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டிலும் இழுக்கக்கூடிய காசு ஒன்றோ இரண்டோ, அதோடு இருபது முப்பது சாதாரணம். அந்தக் கட்டின் பதிவேட்டுப் பக்கத்தை நகலெடுத்து உள்ளே வையுங்கள். வாங்கிய இடமும் தேதியும் எழுதிய காசை நல்ல சேகரிப்பாளர் நம்பி எடுப்பார். பேரம் பாதியில் முடிந்துவிடும்.

யாருக்கு விற்பது? முதலில் சேகரிப்பாளர்கள், பிறகு ஏலம், கடைசியில் வியாபாரி. திருச்சியிலும் சென்னையிலும் சேகரிப்பாளர் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளுக்கு ஒரு கட்டை மட்டும் எடுத்துப் போங்கள். வீட்டு முகவரியைச் சொல்லாதீர்கள், வீட்டுக்கு அழைத்துக் காட்டாதீர்கள். பணம் வங்கிக் கணக்கு வழியாக வரட்டும். தொகை பெரிதென்றால் வரி பற்றி ஆடிட்டரை முன்பே கேட்டுவிடுங்கள்.

விற்க முடியாத மிச்சம் கட்டாயம் இருக்கும். ஐம்பது பைசா இன்னும் செல்லும், வங்கியில் மாற்றலாம். தேய்ந்துபோன செம்பையும் அலுமினியத்தையும் பாத்திரக் கடையில் எடைக்குப் போடுவதில் வெட்கமில்லை, மற்ற எல்லாப் படியும் முடிந்திருந்தால். எனக்கு வழிகாட்டியாக இருந்த மூத்தவர் ஒருவர் பதிவேடே எழுதாமல் காலமானார். கருமாதி முடிந்து நான் போனபோது, அவர் மனைவி முழுச் சேகரிப்பையும் ஒன்பது கிலோ என்று எடை போட்டுக் கொடுத்திருந்தார். கடைக்காரர் செம்புக்கும் வெள்ளிக்கும் ஒரே விலை போட்டிருந்தார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

10. காலியான அலமாரி

அடுத்த பொழுதுபோக்குக்கு உடனே சாமான் வாங்காதீர்கள். காசு விற்ற பணம் கையில் இருந்ததால் கோடியக்கரைப் பறவைகளைப் படமெடுக்கப் போகிறேன் என்று பெரிய லென்ஸோடு கேமரா வாங்கினேன். இரண்டு தடவை போனேன். பூநாரைகள் வந்திருந்தன, நன்றாக இருந்தன. மூன்றாம் தடவை போகத் தோன்றவில்லை. அதை விற்பதற்கு இன்னொரு பதிவேடு எழுத வேண்டி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா இருப்பது ஆரம்பத்தில் சங்கடமாக இருக்கும். இருங்கள். நான் நான்கு மாதம் தூங்கினேன். பிறகு அரசலாற்றங்கரையில் சைக்கிள் ஓட்டத் தொடங்கினேன். அதற்குப் பழைய சைக்கிளே போதுமாக இருந்தது.

நண்பர்கள் விஷயம் காசைவிடச் சிக்கல். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் காசைத் தவிர வேறு எதையும் பேசியிராத மனிதர்கள் இருப்பார்கள். விலகியதை இப்போது சொல்லுங்கள். விற்று முடிந்த பிறகு சொன்னால் யாரும் எதுவும் கேட்க முடியாது. மாதாந்தரக் கூட்டத்துக்கு இரண்டு மாதம் இடைவெளி விட்டு, பையில் ஒரு காசும் இல்லாமல் ஒரு முறை போய்ப் பாருங்கள். லென்ஸை எடுத்துச் செல்லலாம்.

நான் போனபோது வாசலிலேயே, "என்ன அண்ணே கொண்டு வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். உள்ளே ஒரு கல்லூரிப் பையன் கும்பகோணத்தில் வாங்கிய செம்புக் காசை நீட்டி, ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், ராஜராஜனா என்று கேட்டான். லென்ஸை வைத்துப் பார்த்து, உட்கார்ந்த உருவத்தின் கைக்குக் கீழே இருக்கும் நாகரி எழுத்தைக் காட்டினேன். "எங்கே வாங்கியது என்று எழுதி வைத்தாயா தம்பி?" என்று கேட்டேன். இல்லை என்றான். என் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கொடுத்தேன்.